ஒரு 'க்'

எங்கள் ஊரின் பெயரே ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்.
எனக்கு அது தெரிய இருபத்தாறு வருடம் ஆனது.
சிலிம் ரீவர்.
பஸ் நெற்றியிலும் பள்ளிச் சான்றிதழிலும்
வெறும் பெயராகத்தான் பார்த்து வந்தேன்,
கோலாலம்பூர்த் தோழி ஒருத்தி
எடை குறைக்கும் மாத்திரைப் பெட்டியை நீட்டி
"உங்க ஊருடி" என்று சிரிக்கும் வரை.

ரயிலடிக்கு எதிரே என் கடை.
போட்டோஸ்டாட், லேமினேட், மூன்று மொழியில் மனு.
கடவுளுக்குத் தவிர எல்லாருக்கும் எழுதித் தருவேன்.

செவ்வாய்க்கிழமை சௌரிமுத்து கிராணி
கம்பெனிக் கடிதத்தோடு வந்தார்.
ஒரு பக்கம், அவசரக் கையெழுத்து,
பின்னால் பட்டியல், துருப்பிடித்த கிளிப்.
செம்பனைக்கு மாறும் மூன்றாம் டிவிஷனில்
ஆட்களை 'சிலிம்' செய்யப் போகிறார்களாம்.
அந்தச் சொல்லேதான்.
"தமிழ்ல போடும்மா, போர்டுல ஒட்டணும்.
பதமா இருக்கட்டும்."

என்னிடம் ஓர் அகராதி உண்டு,
தஞ்சோங் மாலிம் நூலகம் ஒன்று கழித்துப் போட்டது.
பதம் தேடிப் பிரித்தேன்.
டச்சுக்காரன் பக்கமிருந்து வந்த சொல்லாம்.
அங்கே பழைய பொருள் கோணல், கெட்டது.
இன்றைக்கு அவர்களுக்கு அதுவே கெட்டிக்காரத்தனம்.
இங்கிலீஷுக்குள் வந்து இடுப்பு மெலிந்து நின்றது.
வினையாய் முதலில் நடமாடியபோது
வேலையை ஒப்புக்குச் செய்வது என்றிருந்திருக்கிறது.
மெலிவதும் மெலிய வைப்பதும் அதற்குப் பிறகு.
உடம்பு, அப்புறம் செலவு, அப்புறம் ஆள்.

தமிழில் சொல்லுக்கா பஞ்சம்?
தேய்வதென்றால் நிலா. செருப்பும்தான்.
வற்றுவது கிணறு,
பட்டை புண்ணான மரத்தில் பாலும் வற்றும்.
இளைப்பது காய்ச்சலில் கிடந்தவன்,
அவனாவது இளைப்பாறலாம், கடிதத்தில் அதற்கு இடமில்லை.
அருகுவது என்று ஒன்று இருக்கிறது.
இல்லாமல் போய்க்கொண்டிருப்பதற்கும்
பக்கத்தில் இருப்பதற்கும் ஒரே சொல்.
மூன்றாம் டிவிஷன் லயத்தில் அருகருகே வீடுகள்
அருகி
இப்போது பதினொன்று.

கடைசியில் எல்லாரும் வந்து நிற்கிற இடத்துக்கே வந்தேன்:
குறை.
அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.
இங்கிலீஷ்ச் சொல் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே முகம்,
தானாய் மெலிந்தாலும் சிலிம்,
எவனோ மெலிய வைத்தாலும் சிலிம்.
தமிழ் விடாது, நிறுத்தி வைத்துக் கேட்கும்:
குறைகிறதா, குறைக்கிறாயா?
நடுவில் ஒரு 'க்'.
தலையில் புள்ளி, இலக்கணக் கணக்கில் அரை மாத்திரை.
உளி பிடித்த கை
அவ்வளவு இடத்தில் ஒளிந்துகொள்ளும்.

'ஆட்களின் எண்ணிக்கையைக் கம்பெனி குறைக்கிறது'
என்று தட்டினேன்.
கிராணி கண்ணாடியைத் துடைத்துப் படித்தார்.
"குறைகிறதுன்னு போடேன்.
மழை குறையுது, ரத்தம் குறையுது,
யாரையும் குத்தாது பாரு."
"அப்போ கம்பெனியை எங்கே வைக்கிறது?"
"எடுத்துடு."

பட்டியலில் அவர் பெயர் நான்காவது.
இரண்டு பேரும் படித்திருந்தோம்,
இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

சரக்கு ரயில் ஒன்று நிற்காமல் போனது.
கண்ணாடிக் கதவு அடங்கும் வரை இருந்தார்.
"எழுத்துக்கு எவ்வளவும்மா?"
"பக்கத்துக்கு மூன்று வெள்ளி.
எழுத்துக்கெல்லாம் கணக்கில்லை."

மூன்று தாள்களை நீவி மேசையில் வைத்தார்.

"அப்படின்னா அந்த 'க்' இருக்கட்டும்."